ஆம்பியூலின் மேல் எழுதியிருப்பதிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. அவசர சிகிச்சை, மருந்தியல், உயிர்வேதியியல் என்று மூன்றும் மூன்று பக்கம் இழுக்கின்றன. மருந்துப் பெயர்கள் மனதில் நிற்பதில்லை. வேதியியல் என்றாலே பயம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் அவசரப் பிரிவில் நிற்கும் மருந்து டிராலியின் மேல்தட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் மிஞ்சிப்போனால் இருபது மருந்து இருக்கும். ஒவ்வொரு ஆம்பியூலின் (ஊசிமருந்து அடைத்த சின்னக் குப்பி) மேலும் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ள எவ்வளவு வேதியியல் வேண்டுமோ, இப்போதைக்கு அவ்வளவு போதும். அந்த மருந்து உள்ளே போனதும் நோயாளியிடம் என்ன மாறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் மருந்தியலில் பாதி வந்துவிடும். மீதியைப் புத்தகத்தில் படிக்கும்போது அது ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பற்றிய செய்தி மாதிரி இருக்கும்.

நான் கேஷுவாலிட்டியில் பதினாறு வருடம் செவிலியராக இருந்துவிட்டு இப்போது வகுப்பெடுக்கிறேன். "வேதியியல் வராது" என்று வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உண்மையில் வராதது கணக்கு. அதிலும் குறிப்பாக அலகு மாற்றுவது. அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் ஒன்றைக் கையில் எடுங்கள். 10 மி.லி., 15 சதவீதம் என்று இருக்கும். சதவீதம் என்றால் 100 மி.லி. கரைசலில் எத்தனை கிராம் என்பது. 100-இல் 15 கிராம் என்றால் 10-இல் 1.5 கிராம், அதாவது 1500 மி.கி. சரி, ஆனால் கேஸ் ஷீட்டில் டாக்டர் மில்லிகிராமில் எழுத மாட்டார். "20 மில்லிஈக்விவலன்ட்" என்று எழுதுவார். மின்சுமையையும் சேர்த்து எண்ணும் அலகு அது. இங்கேதான் பிள்ளைகள் பயந்து சீனியரின் முகத்தைப் பார்க்கிறார்கள். பொட்டாசியத்தின் அணு எடை 39, குளோரின் 35.5, கூட்டினால் 74.5. 1500-ஐ 74.5-ஆல் வகுத்தால் 20 வருகிறது. அந்த ஆம்பியூல் முழுவதும் 20 மில்லிமோல். பொட்டாசியத்துக்கு ஒற்றை மின்சுமை என்பதால் மில்லிமோலும் மில்லிஈக்விவலன்ட்டும் இங்கே ஒன்றுதான். கால்சியம், மெக்னீசியம் என்றால் இரட்டைச் சுமை, இரண்டால் பெருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் மோல் என்று ஒரு பாடம் படித்தீர்களே, அது முழுக்க இந்த ஒரு வகுத்தலுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதே கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். பெரியவர் ஒருவரின் உடம்பில் பிளாஸ்மா ஏறக்குறைய 3 லிட்டர். அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 4 மில்லிமோல் அளவில் இருக்கும். ஆக மொத்தம் 12. உங்கள் கையில் இருக்கும் அந்தச் சின்ன ஆம்பியூலில் இருப்பது 20. அதை நேராக ஐ.வி.யில் தள்ளினால் பிளாஸ்மாவில் இருக்கும் மொத்தப் பொட்டாசியத்தை விட அதிகமாக ஒரே நொடியில் இதயத்துக்கு அனுப்புகிறீர்கள். செல்லுக்குள் 140, வெளியே 4 என்ற இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் இதயத் தசை துடிக்கிறது. வெளியே சட்டென்று ஏறினால் துடிப்பு நின்றுவிடும். "பொட்டாசியத்தை ஒருபோதும் நேராகத் தள்ளாதே, கலந்து, மெதுவாக, மானிட்டரில் போடு" என்று வகுப்பில் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு அதை மறக்கவே முடியாது.

எனக்கு அது வேறு விதமாக மனதில் பதிந்தது. படித்து முடித்த முதல் வருடம், ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டி. ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் எடுக்கப் போனேன். அதுவும் பொட்டாசியமும் இரண்டும் 10 மி.லி. பிளாஸ்டிக் ஆம்பியூல், இரண்டும் நிறமில்லாத நீர், யாரோ ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். கழுத்தைத் திருகிவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனியர் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, "வாய்விட்டுப் படி" என்றார். படித்தேன். பொட்டாசியம். அன்று முதல் எடுக்கும்போது ஒரு தடவை, உடைக்கும் முன் ஒரு தடவை, போடும் முன் ஒரு தடவை என்று மூன்று முறை வாய்விட்டுப் படிப்பேன். இப்போது வகுப்பில் காலி ஆம்பியூலைக் காட்டும்போதும் வாய் தன்னால் படிக்கிறது.

சதவீதம் புரிந்துவிட்டால் அடுத்தது விகிதம். அட்ரினலின் 1:1000 என்று இருக்கும். 1000 மி.லி.-யில் 1 கிராம் என்று அர்த்தம், எனவே 1 மி.லி.-யில் 1 மி.கி. 1:10,000 என்றால் 1 மி.லி.-யில் 0.1 மி.கி. இதயம் நின்றுபோனவருக்கு 1 மி.கி. ஐ.வி.யில், மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. ஊசியோ, குளவிக்கொட்டோ, கடல் உணவோ ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, பிரஷர் விழுந்து வரும் பெரியவருக்கு 0.5 மி.கி., அதுவும் தொடையின் வெளிப்பக்கத் தசையில். இரண்டு இடத்திலும் ஒரே மருந்து, ஆனால் வழியும் அளவும் வேறு. துடிக்கும் இதயம் உள்ளவருக்கு ஒரு மி.கி.யை மொத்தமாக ஐ.வி.யில் தள்ளினால் பிரஷர் எகிறி, இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஒவ்வாமைக்கு ஏன் அட்ரினலின் முதலில், ஏன் அவில் என்ற அரிப்பு மருந்தும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும் பிறகு என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வாமையில் உடம்பு வெளியிடும் ஹிஸ்டமினை மட்டும் அவில் தடுக்கும், அரிப்பு குறையும். விரிந்துபோன ரத்தக் குழாயைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழாயை விரித்து, இதயத்தையும் முடுக்குவது அட்ரினலின் ஒன்றுதான். அட்ரினலின் போய்த் தொடும் ஆல்ஃபா, பீட்டா ஏற்பிகள் பாடம் இந்த ஒரு நோயாளியில் முடிந்துவிடும்.

கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். அட்ரினலின் ஆம்பியூல் பெரும்பாலும் பழுப்பு நிறக் கண்ணாடியில் வரும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகும். வெட்டி வைத்த வாழைக்காய் கறுக்கிற மாதிரி. நிறம் மாறியிருந்தால் குப்பைக்கு.

இன்சுலின் கணக்கு நம் ஊருக்கே உரியது. இங்கே வயல், அதாவது இன்சுலின் குப்பி, பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் வருவதும், சில வயல்களும் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு விதம், 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் வயலிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வந்தது 0.1 மி.லி., அதாவது 4 யூனிட்தான். மாற்றி, 100 யூனிட் வயலிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் 0.25 மி.லி., அதாவது 25 யூனிட். முதலாவதில் சர்க்கரை இறங்காது. இரண்டாவதில் ஆள் மயங்கிவிடுவார். இந்த இரண்டு வரிக் கணக்கை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள், நான் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இனி ஒரு நோயாளியை முழுதாக எடுத்துக்கொள்வோம். மூன்று பாடத்தையும் ஒரே கட்டிலில் கிடத்திக் காட்ட, நம் பக்கத்து மருத்துவமனைகளில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. "மருந்து குடிச்சிட்டாருங்க" என்று ஆட்டோவிலிருந்து இறக்குவார்கள். நம் ஊரில் பயிருக்கு அடிப்பதும் மருந்துதான், நோய்க்குக் கொடுப்பதும் மருந்துதான். எந்த மருந்து, டப்பா இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பல சமயம் டப்பா வராது, நாற்றம்தான் வரும்.

ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து என்றால் என்ன பார்ப்பீர்கள்? எல்லாம் ஒழுகும். வாயில் எச்சில் நுரை, கண்ணீர், வியர்வை, மலம், சிறுநீர். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் களகளவென்று சத்தம். கண்மணி ஊசிமுனை. நாடி மெதுவாக. தோளிலும் கன்னத்திலும் தோலுக்கடியில் புழு நெளிவது போலத் தசை துடிக்கும். இதற்கு ஆங்கிலத்தில் முதலெழுத்துச் சுருக்கங்கள் பல சொல்லித் தருவார்கள். எனக்கு "எல்லாம் ஒழுகும்" என்பதே போதுமாக இருந்தது.

ஏன் ஒழுகுகிறது? நரம்பு செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் ஓர் எஸ்டர். அசிட்டிக் அமிலமும் கோலினும் சேர்ந்தது. நரம்பு முனையிலிருந்து வந்து, ஏற்பியைத் தொட்டு, வேலை முடிந்ததும் உடனே உடைக்கப்பட வேண்டும். உடைக்கும் நொதி அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ். அதன் நடுவில் ஒரு ஹைட்ராக்சில் கை இருக்கிறது. அந்தக் கை அசிட்டைல் தொகுதியைப் பிடித்துக்கொள்ளும், ஒரு நீர் மூலக்கூறு வந்து விடுவித்துவிடும், நொதி அடுத்ததற்குத் தயார். ஆர்கனோபாஸ்பரஸும் அதே கையில்தான் போய் உட்காருகிறது. ஆனால் பாஸ்பேட் தொகுதியைத் தண்ணீரால் லேசில் கழற்ற முடியாது. நொதி முடங்குகிறது, அசிட்டைல்கோலின் தேங்குகிறது, சுரப்பிகளெல்லாம் திறந்த குழாய் மாதிரி ஓடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் எஸ்டர் நீராற்பகுப்பு என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வந்ததே, அதுதான் இங்கே மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது.

இதற்குப் போடும் மருந்து அட்ரோபின். அது அந்த நொதியைத் தொடுவதே இல்லை. அசிட்டைல்கோலின் போய் உட்காரும் மஸ்கரினிக் ஏற்பியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்து இடத்தைப் பிடிக்கிறது. பேருந்தில் துண்டு போட்டு சீட் பிடிப்பது போல. எதிரில் கூட்டம் அதிகம் என்றால் நிறையத் துண்டு வேண்டும். அதனால்தான் அளவு இவ்வளவு அதிகம். இங்கே கிடைக்கும் ஆம்பியூல் 0.6 மி.கி. முதலில் மூன்று ஆம்பியூல், 1.8 மி.கி. ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். மாற்றம் போதவில்லை என்றால் இரட்டிப்பு, ஆறு ஆம்பியூல். இன்னும் ஐந்து நிமிடம், பன்னிரண்டு. இலங்கையில் இந்த நச்சு மிக அதிகமாக இருந்த காலத்தில் அங்கே பணியாற்றிய மருத்துவர் மைக்கேல் எடில்ஸ்டனும் குழுவினரும் இந்த இரட்டிப்பு முறையை வலியுறுத்தி எழுதினார்கள். காரணம் சாதாரணக் கணக்கு. ஒவ்வொரு தடவையும் அதே மூன்று ஆம்பியூல் போட்டுக்கொண்டிருந்தால் 21 ஆம்பியூல் சேர அரை மணி நேரமாகும். இரட்டித்தால் பத்தாவது நிமிடத்தில் 3, 6, 12 என்று 21 வந்துவிடும். நெஞ்சில் நீர் தேங்கி மூச்சு முட்டும் ஆளுக்கு அந்த இருபது நிமிடம் பெரிது. எங்கள் வார்டில் ஒரு செவிலியர் ஆம்பியூல் உடைப்பதற்கென்றே நிற்பார். விரலில் கீறல் இல்லாமல் அந்த டியூட்டி முடியாது.

எதுவரை போடுவது? ஐந்து விஷயம் பார்க்க வேண்டும். நெஞ்சில் களகளப்பு போயிருக்க வேண்டும், நாடி 80-க்கு மேல், மேல் பிரஷர் 80-க்கு மேல், அக்குள் காய்ந்திருக்க வேண்டும், கண்மணி ஊசிமுனையாக இருக்கக் கூடாது. கண்மணி கடைசியில்தான் மாறும், அதற்காகக் காத்திருந்து மருந்தை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. மாணவர்கள் மானிட்டரையே பார்ப்பார்கள். நான் கையுறை போட்ட விரலை அக்குளில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஐந்தும் வந்த பிறகு, அதுவரை போட்டதில் 10 முதல் 20 சதவீதத்தை மணிக்கு ஓடும் டிரிப்பாகப் போடுவார்கள். 21 ஆம்பியூல் என்றால் 12.6 மி.கி., ஆக மணிக்கு 1.3-லிருந்து 2.5 மி.கி.

அட்ரோபின் அதிகமானால் என்ன ஆகும் என்பதற்குப் புத்தகம் வேண்டாம், ஊமத்தை தெரிந்தால் போதும். சிவனுக்குச் சூட்டும் அதே பூ. அந்தச் செடியிலும் அட்ரோபின் வகைப் பொருள்கள்தான் இருக்கின்றன. வாய் காயும், உடம்பு கொதிக்கும், கண்மணி விரியும், வயிறு சத்தமில்லாமல் கிடக்கும், சிறுநீர் அடைக்கும், ஆள் பிதற்றுவார். கட்டிலில் கிடப்பவர் போர்வையில் இல்லாத நூலை விரலால் பிய்த்துப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தால், டிரிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அட்ரோபின் ஒழுகலை நிறுத்தும், தசையைக் காப்பாற்றாது. தசையில் இருப்பது நிக்கோடினிக் ஏற்பி, அங்கே அட்ரோபினுக்கு வேலை இல்லை. அதனால், நெஞ்சு தெளிந்து, பேசிக்கொண்டிருந்த ஆள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சட்டென்று மூச்சு விட முடியாமல் போவது உண்டு. இதற்கு முன்னறிவிப்பு கழுத்தில் வரும். ஒவ்வொரு ரவுண்டிலும் "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கய்யா" என்று சொல்லிப் பாருங்கள். நேற்று தூக்கியவர் இன்று தூக்க முடியவில்லை என்றால் வென்டிலேட்டர் எங்கே காலியாக இருக்கிறது என்று தேட வேண்டிய நேரம். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், ஆனால் ஒரு நோயாளி "சும்மா சும்மா தலையைத் தூக்கச் சொல்றியேம்மா" என்று சலித்துக்கொண்ட மறுநாள் காலையில்தான் புரிந்தது.

அப்புறம் பேம் என்று வார்டில் சொல்லும் பிராலிடாக்சிம். நொதியின் கையில் உட்கார்ந்த பாஸ்பேட்டைப் பிடுங்குவதற்கான மருந்து இது. ஆனால் நேரம் போகப் போக அந்தப் பாஸ்பேட் தன்னிடமிருந்து ஒரு அல்கைல் தொகுதியை உதிர்த்துவிட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. இதற்கு முதுமையடைதல் என்று பெயர். டைமெத்தில் வகையில் இது சில மணி நேரத்தில் நடந்துவிடும், டைஎத்தில் வகையில் ஒரு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு. ஒரு மெத்தில், ஒரு எத்தில், வித்தியாசம் ஒரே ஒரு கார்பன். பிராலிடாக்சிம் எவ்வளவு பயன் தருகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறும். உங்கள் இடத்து நெறிமுறை என்னவோ அதைப் படியுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், உள்ளே வந்ததும் முதலில் செய்வது ஊசி இல்லை. இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, சக்ஷன் போட்டு, ஆக்சிஜன் வைத்து, நனைந்த துணியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் உடம்பைத் துடைப்பது. துடைப்பவர் கையுறை போட வேண்டும், தோல் வழியாகவும் ஏறும். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கொடுத்துக் கூட்டி வருவார்கள், அது நுரையீரலுக்குள் போய்ப் பெரிய தொல்லையாகும். சொந்தக்காரர்களைத் திட்ட வேண்டாம். அவர்கள் தெரிந்ததைச் செய்தார்கள்.

ஒரு நோயாளியை இப்படி முழுதாகப் படிக்க எனக்குத் தெரிந்து ஒரு வாரம் ஆகும். ஆகட்டும். வாரத்துக்கு ஒன்று என்றால் ஒரு பருவத்தில் பதினைந்து. போதும்.

அடுத்த வாரத்துக்கு நான் சர்க்கரை ஏறி அமிலமாகி வருபவரை எடுப்பேன். பிஹெச் என்பதை இவரிடம்தான் கற்க வேண்டும். 7.4 என்றால் ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு 40 நானோமோல். 7.1 என்றால் 80. எண்ணில் பார்த்தால் 0.3-தான் குறைந்தது, அமிலமோ இரட்டிப்பு. மடக்கை அளவுகோல் என்பதன் பொருள் இதுதான். உடம்பு அந்த அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடாக வெளியே தள்ளப் பார்க்கும், அதனால்தான் ஆள் ஓடி வந்தவர் போல ஆழமாக, வேகமாக மூச்சு விடுவார். ஆஸ்துமா என்று நினைத்து நெபுலைசர் வைத்த கதைகள் உண்டு. சோடியம் 132, குளோரைடு 95, பைகார்பனேட் 8 என்று ரிப்போர்ட் வந்தால் 132-லிருந்து மற்ற இரண்டையும் கழியுங்கள். 29. சாதாரணமாக 12 அளவில் இருக்க வேண்டியது. கணக்கில் வராத அந்த அதிகப்படி, கீட்டோன் அமிலங்களின் எதிர்மின் அயனிகள்.

பொட்டாசியம் இங்கே மறுபடியும் வருகிறது. அமிலமும் இன்சுலின் இல்லாததும் சேர்ந்து பொட்டாசியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளியிருக்கும், சிறுநீரில் நிறையப் போயிருக்கும். ரிப்போர்ட்டில் சாதாரணமாகத் தெரியும், உடம்பில் மொத்தத்தில் பஞ்சம். இன்சுலின் போட்டதும் அது செல்லுக்குள் ஓடும், ரத்தத்தில் மளமளவென்று இறங்கும். 3.5-க்குக் கீழே (பழைய நெறிமுறைகளில் 3.3) இருந்தால் இன்சுலினை நிறுத்தி வைத்துப் பொட்டாசியத்தை முதலில் ஏற்றச் சொல்வது இதனால்தான். இதே குணத்தை, பொட்டாசியம் ஏறிய சிறுநீரக நோயாளியிடம் நாம் வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். 10 யூனிட் இன்சுலினும், சர்க்கரை இறங்காமல் இருக்க 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.யும். அதற்கும் முன்னால் போடும் கால்சியம் குளுக்கோனேட் பொட்டாசியத்தைக் குறைக்கவே குறைக்காது, இதயத் தசையை மட்டும் தாங்கிப் பிடிக்கும். தேர்வில் இதைத் தவறாக எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை.

எதை எதோடு கலக்கக் கூடாது என்பது தனிப் பாடமாகவே இருக்கும், ஆனால் மனப்பாடம் தேவையில்லை. கால்சியம் குளுக்கோனேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் ஒரே லைனில் போனால் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, டியூபுக்குள்ளேயே வெள்ளையாகப் படியும். வலிப்புக்குப் போடும் ஃபெனிடோயின் கடும் காரத்தில்தான் கரைந்திருக்கும், பிஹெச் 12 அளவில். அமிலத்தன்மை உள்ள டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகிவிடும், அதனால் சலைன் மட்டும். பழுத்த கட்டியைக் கீறும்போது மரத்துப்போகப் போடும் லிக்னோகைன் சரியாகப் பிடிக்காதே, ஏன்? அது வீரியம் குறைந்த காரம். சீழ் உள்ள இடம் அமிலம். அங்கே மருந்து மின்சுமை ஏறிய நிலைக்குப் போய்விடும், நரம்பின் கொழுப்புச் சவ்வைத் தாண்ட முடியாது. மூன்றும் அமிலம், காரம், கரைதிறன் என்ற ஒரே பாடம். பன்னிரண்டாம் வகுப்பில் அயனிச் சமநிலை என்று தமிழில் படித்திருப்பீர்கள். வெட்கப்படாமல் அந்தப் புத்தகத்தையே மறுபடி எடுங்கள். தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதலாம், ஒன்றும் குறையாது.

தனிம வரிசை அட்டவணை கூட உதவும். பேறுகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் போட்டால் ஒவ்வொரு டோசுக்கு முன்னும் மூன்று பார்ப்பார்கள். முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா. மெக்னீசியம் மிஞ்சிப்போனால் மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட். அட்டவணையில் மெக்னீசியத்துக்கு நேர் கீழே இருப்பது கால்சியம். ஒரே குடும்பம், ஒரே இரட்டைச் சுமை, ஒன்றின் வேலையில் மற்றது குறுக்கே வரும்.

மருந்துப் பெயர்கள் நிற்பதில்லை என்றீர்கள். வால்களைப் பிடியுங்கள். ஓலால் என்று முடிந்தால் பெரும்பாலும் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான், ப்ரில் என்றால் பிரஷருக்குக் கொடுக்கும் ஏஸ் தடுப்பான், ப்ரசோல் என்றால் வயிற்று அமிலத்துக்கு. சால்பியூட்டமால் கேட்க ஓலால் மாதிரி இருந்தாலும் ஓலால் இல்லை, நேர் எதிர் வேலை. கம்பெனிப் பெயரை வார்டில் சொல்லுங்கள், நோட்டில் மருந்தின் சொந்தப் பெயரையே எழுதுங்கள்.

எடைக்கு ஏற்ற அளவு என்பதற்கு ஒரு விதிவிலக்கைச் சொல்கிறேன், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். பாம்புக்கடி விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. பாம்பு ஆளின் எடையைப் பார்த்து விஷத்தைச் செலுத்துவதில்லை. நாம் முறிப்பது விஷத்தை. வயலைக் கரைக்கும்போது குலுக்காமல் உருட்டுங்கள், புரதம் நுரைத்துவிடும். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்குக் கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது, பிளாஸ்டிக்கில் அது நடக்காது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றும்.

கணக்கை தினமும் ஐந்து போடுங்கள், கால்குலேட்டர் இல்லாமல், காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். நிமிடத்துக்கு, கிலோவுக்கு, மைக்ரோகிராம் என்று மூன்றும் சேர்ந்து வரும்போது தலை சுற்றும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். 60 கிலோ ஆள், பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். நிமிடத்துக்கு 6. மணிக்கு 360. சிரிஞ்சில் 50 மி.லி.-யில் 4 மி.கி. இருக்கிறது, அதாவது மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 360-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி. பம்ப்பில் 45 என்று அடித்துவிடாதீர்கள்.

இன்றைக்கு ஒன்றை உங்களுக்கே விடுகிறேன். சோடியம் பைகார்பனேட் ஆம்பியூல், 25 மி.லி., 7.5 சதவீதம், மூலக்கூறு எடை 84. எத்தனை மில்லிஈக்விவலன்ட்? 22-க்கும் 23-க்கும் நடுவில் வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் தசமப் புள்ளியைப் பாருங்கள், தப்பு அங்கேதான் இருக்கும்.